நிலநடுக்கம், புயல், பேஸ்மென்ட்: 2011 கோடை முடிவில் எங்கள் வீட்டைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் 23, செவ்வாய்க்கிழமை வர்ஜீனியாவில் நிலநடுக்கம். 28, ஞாயிற்றுக்கிழமை ஐரீன் புயல். இரண்டும் நியூஜெர்சி மாநிலத்து எடிசனில் இருக்கும் எங்கள் குடும்பத்தைத் தொட்டுவிட்டுப் போனதில் திருச்சி, சென்னை, சிங்கப்பூர், டொரோண்டோ என்று எல்லாப் பக்கமிருந்தும் ஓயாமல் போன். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. செப்டம்பர் 5, லேபர் டே (தொழிலாளர் தின) விடுமுறையில் உட்கார்ந்து எல்லாக் கேள்விகளையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். இனி யாராவது விசாரித்தால் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் சொல்லு, எல்லோரும் நல்லா இருக்கீங்களா?

நல்லா இருக்கிறோம். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அத்தைக்கு மட்டும் லேசாக இருமல். அதற்குப் புயல் காரணமில்லை, ஏசிதான்.

சம்மர் எப்படிப் போச்சு? அங்கே குளுகுளுன்னு இருந்திருக்குமே?

இந்த ஊரில் ஆண்டு முழுக்கப் பனி பெய்கிறது என்று நினைப்பவர்களுக்கு: ஜூலை 22 அன்று நியூவார்க்கில் 108 டிகிரி பாரன்ஹீட். செல்சியஸ் கணக்கில் 42ஐத் தாண்டிவிட்டது. அங்கே வெப்பநிலையைப் பதிவு செய்யத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் உச்சம். 2003 மே 31 அன்று சென்னை பார்த்த 45 டிகிரிக்குப் பக்கத்தில் இது ஒன்றுமில்லைதான். ஆனால் இங்கே வீடுகளைக் கட்டுவதே சூட்டை உள்ளே பிடித்து வைப்பதற்காக. மாடி அறையில் ஐந்து நிமிடம் நின்றால் சட்டை நனைந்துவிடும். பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டிக்கு அத்தை நீர்மோர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் உப்புப் போட்ட மோரை ஒரு மடக்கு குடித்துவிட்டு மிகவும் மரியாதையாக நன்றி சொன்னார்.

ஆகஸ்ட் வந்ததும் எல்லாம் தலைகீழ். மாத நடுவிலேயே மழை பிடித்துக்கொண்டது. 14ஆம் தேதி நாள் முழுக்கக் கொட்டியது. கொல்லைப் புல்தரையில் கால் வைத்தால் சொதசொதவென்று இறங்கும். இந்த ஈரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரப்போகும் பாதிக் கதைக்கு இதுதான் காரணம்.

பெரியவள் காலேஜுக்குப் போயிட்டாளா? நிலநடுக்கம் அவள் ஊர்லதானாமே?

போய்விட்டாள். வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில்லில் கொண்டுபோய் விட்டு, ஹாஸ்டல் கட்டிலுக்கு விரிப்புப் போட்டு, ஊறுகாய் பாட்டிலை அலமாரியின் பின்வரிசையில் ஒளித்து வைத்துவிட்டு வந்தோம். அந்த வாரமே பூமி ஆடிவிட்டது.

நிலநடுக்கத்தின் மையம் மினரல் என்ற சின்ன ஊர், லூயிசா கவுண்டியில். அவள் இருக்கும் இடத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். மதியம் 1 மணி 51 நிமிடம். முதலில் கீழ்த்தளத்தில் இருக்கும் வாஷிங் மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சுற்றுவதாக நினைத்தாளாம். அப்புறம் மேஜையிலிருந்த டம்ளர் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்திருக்கிறது. அதைப் பிடிப்பதா, ஓடுவதா என்று யோசித்து, டம்ளரைப் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறாள். வெளியே மரத்தடியில் நூறு பிள்ளைகள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்க, ஒருவருக்கும் லைன் கிடைக்கவில்லை. குறுஞ்செய்தி மட்டும் போனது. "அம்மா, ஓகே" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

வியாழன் அதிகாலை ஒரு மணிக்கு மேல் ஒரு பின்னதிர்வு மறுபடி எழுப்பிவிட்டதாம். இப்போது பழகிவிட்டது. ரூம்மேட் ஒகையோவைச் சேர்ந்த பெண், ஊறுகாயைக் கண்டுபிடித்துவிட்டாள்.

உங்க வீட்டிலும் ஆடிச்சாமே? அவ்வளவு தூரத்திலா?

ஆடியது. எடிசனுக்கும் மினரலுக்கும் நேர்க்கோட்டில் 400 கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் சாப்பாட்டு மேஜைக்கு மேல் தொங்கும் விளக்கு ஊஞ்சல் மாதிரி ஆடியது. மாடியில் மதியத் தூக்கத்தில் இருந்த அத்தை, "யாரும்மா கட்டிலை ஆட்டறது?" என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்தார்கள். சின்னவன் வீடியோ கேமில் இருந்ததால் அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இந்த வருத்தத்தை அவன் இன்னும் தூக்கிச் சுமக்கிறான்.

என் கணவர் வேலை செய்யும் நியூயார்க் மன்ஹாட்டன் கட்டடத்தில் நன்றாகவே தெரிந்திருக்கிறது. எல்லோரும் படிக்கட்டு வழியாகத் தெருவுக்கு வந்துவிட்டார்கள். செப்டம்பர் 11 தாக்குதலின் பத்தாம் ஆண்டு நெருங்கும் நேரம். கட்டடம் ஆடினால் அந்த ஊர்க்காரர்களுக்கு முதலில் எது நினைவுக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. நிலநடுக்கம் என்று தெரிந்ததும் சிலர் சிரித்தே விட்டார்களாம், நிம்மதியில்.

5.8 தானே? ஜப்பானில் 9 வந்ததே, இதுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

சிங்கப்பூர் மாமா கேட்டது. ரிக்டர் கணக்கில் ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு ஆகும். இந்த மார்ச்சில் ஜப்பானில் வந்தது இதைப்போல 60,000 மடங்குக்கும் மேல். அந்த அளவில் பார்த்தால் இது சுண்டைக்காய்தான்.

ஆனால் வந்த இடத்தைப் பாருங்கள். கலிஃபோர்னியா நிலத்தட்டுகள் உரசும் விளிம்பில் இருக்கிறது. அங்கே பாறை நொறுங்கிப் பிளவுபட்டுக் கிடப்பதால் அதிர்வு சீக்கிரம் அடங்கிவிடும். இந்தக் கிழக்குக் கரை, தட்டின் உட்பகுதி. பல கோடி ஆண்டுப் பழைய, இறுகிய, குளிர்ந்த பாறை. அதில் கிளம்பிய அதிர்வு தேயாமல் வெகுதூரம் ஓடும். அதனால்தான் தெற்கே ஜார்ஜியாவிலிருந்து வடக்கே கனடாவின் கியூபெக் வரை ஜனங்கள் உணர்ந்தார்கள். வர்ஜீனியாவில் இந்த அளவுக்கு முன்பு வந்தது 1897இல். அப்போது இருந்தவர்கள் யாரும் இப்போது இல்லை, இப்போது இருப்பவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆர்ப்பாட்டத்துக்கு அது ஒரு காரணம்.

சேதமும் இல்லாமல் இல்லை. வாஷிங்டனில் 555 அடி உயர நினைவுத் தூணின் உச்சியில் கல் விரிசல் விட்டு மூடிவிட்டார்கள். தேசியப் பேராலயத்தின் கோபுர முனைகள் உடைந்து விழுந்தன. 2001 செப்டம்பரில் பாண்டிச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 வந்து சென்னையே தெருவில் நின்றதே, மறந்துவிட்டதா? அன்று ராத்திரி மொட்டை மாடிக்குப் போவதா, கீழே இறங்குவதா என்று பெரியம்மா வீட்டில் நடந்த பட்டிமன்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சுனாமி வருமா?

2004க்குப் பிறகு நம் ஊரில் எந்த நிலநடுக்கத்துக்கும் இதுதான் அடுத்த கேள்வி, நியாயமும்கூட. இது வராது. மையம் கடற்கரையிலிருந்து வெகு உள்ளே, தரைக்கு அடியில். கடலைத் தள்ள அங்கே கடலே இல்லை.

பக்கத்தில் அணு உலை இருக்காமே?

நாகர்கோவில் அண்ணன், கூடங்குளத்துக்குப் பக்கத்தில் இருப்பவர், வேறு எதைக் கேட்பார்! மையத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் நார்த் ஆன்னா அணு மின்நிலையம் இருக்கிறது. இரண்டு உலைகளும் தாமாகவே நின்றுவிட்டன. வெளியிலிருந்து வரும் மின்சாரம் துண்டித்துப்போய் டீசல் ஜெனரேட்டர்களில் ஓட்டியிருக்கிறார்கள். நான்கில் ஒன்று, அதைக் குளிர்விக்கும் திரவம் கசிந்து நின்றுபோக, மாற்றாக வைத்திருந்ததைப் போட்டிருக்கிறார்கள். கதிர்வீச்சுக் கசிவு எதுவும் இல்லை. புகுஷிமாவில் டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கி ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், "நான்கில் ஒன்று" என்று படித்தபோது வயிற்றைக் கலக்கியது உண்மைதான். உலைகள் இன்னும் இயங்கவில்லை, பரிசோதனை நடக்கிறது.

மிருகங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சுதாமே?

சின்னவனுக்கு இந்த வாரம் பேச வேறு விஷயமே கிடையாது. வாஷிங்டன் தேசிய விலங்குக்காட்சிசாலையே சொன்னது இது: லெமூர்கள் கால் மணி நேரம் முன்பே எச்சரிக்கைக் குரல் கொடுத்தன. அங்கிருந்த 64 பூநாரைகளும் ஆட்டத்துக்குச் சற்று முன் ஓடிவந்து ஒரே கும்பலாக நெருங்கி நின்றன. கொரில்லாவும் ஒராங்குட்டானும் சில விநாடிகளுக்கு முன் சாப்பாட்டைப் போட்டுவிட்டு உயரத்தில் ஏறிக்கொண்டன. பாண்டாக்கள் கண்டுகொள்ளவே இல்லை.

சில விநாடிகள் என்பதைப் புரிந்துகொள்ளலாம். நிலநடுக்கத்தில் முதலில் வேகமான, மெல்லிய அலை ஒன்று வரும். ஆளை ஆட்டும் அலை அதற்குப் பின்னால்தான் வரும். முதல் அலை நமக்கு உறைக்காது, அதுகளுக்கு உறைக்கலாம். கால் மணி நேரம் என்பதை நான் அவ்வளவு சீக்கிரம் நம்பமாட்டேன். லெமூர் எதற்கெல்லாமோ கத்தும். அன்றைக்குக் கத்தியதை மட்டும் குறித்து வைத்தோமோ என்னவோ. சின்னவனிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

நிலநடுக்கத்தாலதான் புயல் வந்ததா?

இல்லை. ஐரீன் அதற்கு முன்பே கரீபியன் பக்கம் உருவாகி வந்துகொண்டிருந்தது. ஒன்று தரைக்கடியில், மற்றது வெதுவெதுப்பான கடல்மேல். ஒரே வாரத்தில் வந்தது தற்செயல். எங்கள் கோவிலில் ஒரு மாமி இதற்குக் கிரக நிலையைக் காரணமாகச் சொன்னார். அவரிடம் வாதாடும் வலு எனக்கில்லை.

புயலுக்கு என்ன ஏற்பாடு செஞ்சீங்க?

டிவியில் வியாழக்கிழமை முதலே வேறு பேச்சில்லை. நியூயார்க் நகரில் தாழ்வான இடங்களிலிருந்து சுமார் 3,70,000 பேரை வெளியேறச் சொன்னார்கள். நகர வரலாற்றில் முதல்முறையாக அப்படி ஓர் உத்தரவு. சனிக்கிழமை மதியம் சப்வே மொத்தமாக நின்றது. வானிலைக்காக முன்கூட்டியே மொத்தத்தையும் நிறுத்தியதும் இதுதான் முதல்முறை. எங்கள் கவர்னர் கிரிஸ் கிறிஸ்டி கடற்கரையில் வெயில் காய்ந்தவர்களை டிவியிலேயே அதட்டி விரட்டினார்.

கடைகளில் ரொட்டி, தண்ணீர் பாட்டில், டார்ச் லைட்டுக்கான பெரிய பேட்டரி எதுவும் இல்லை. அலமாரிகள் வெறிச்சென்று கிடந்தன. ஓக் ட்ரீ ரோட்டில் இந்தியக் கடைகளில் மட்டும் கூட்டம் வேறு மாதிரி: எல்லார் வண்டியிலும் பால் கேனும் கொத்தமல்லிக் கட்டும்.

அத்தை வேதாரண்யம் பக்கம் பிறந்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 1952 புயல் சின்ன வயதில், 1977 நவம்பர் 12 நாகப்பட்டினம் புயல் கைக்குழந்தையோடு. இரண்டையும் பார்த்தவருக்கு டிவிக்காரர்கள் போட்ட கூச்சல் பிடிக்கவில்லை. ஆனால் காரியத்தில் இறங்கிவிட்டார்கள். குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து வையுங்கள் என்று டிவியில் சொன்னதற்கு, "கால் கழுவுற இடத்துல பிடிச்ச தண்ணியை எவன் குடிப்பான்" என்று சொல்லிவிட்டு, குக்கர், இட்லிப் பானை, தூக்குச்சட்டி, என் கேக் டின் உட்பட வீட்டில் குழிவாக இருந்த எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்துத் தட்டு போட்டு மூடினார்கள். தொட்டித் தண்ணீர் கழிவறைக்கு ஆயிற்று. கொல்லையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலி, துளசிச் செடி, குப்பைத் தொட்டி எல்லாம் கராஜுக்குள். "பறக்கிறதுதான் ஆளைக் கொல்லும்" என்பது அவர்கள் 77இல் தகரக் கூரைகளைப் பார்த்துப் படித்தது.

கடைசியில் புயல் புஸ்ஸுன்னு போயிடுச்சாமே? டிவியில் அப்படித்தான் சொன்னாங்க.

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வரும், மன்னித்துக்கொள்ளுங்கள். டிவி கேமராக்கள் மன்ஹாட்டனில் நின்றன. மன்ஹாட்டனில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

காற்று குறைந்தது உண்மை. சனிக்கிழமை காலை வட கரோலைனாவில் கரையைத் தொட்டபோது மணிக்கு 135 கிலோமீட்டர் போல. ஞாயிறு விடியற்காலை நியூஜெர்சிக் கரைக்கு வந்தபோது 120க்கும் கீழே இறங்கிவிட்டது. காற்றை வைத்துப் புயலுக்கு மார்க் போடுகிறார்கள். ஆனால் இந்தப் புயல் செய்த சேதமெல்லாம் தண்ணீரில். உருவம் பெரிது, நடை மெதுவு, வயிறு முழுக்க மழை. ஏற்கெனவே ஊறிப்போயிருந்த மண்ணில் சில ஊர்களில் ஒரே மூச்சில் 25 சென்டிமீட்டர் கொட்டினால் எங்கே போகும்? அன்று ஆவணி அமாவாசை வேறு. கடல் ஏற்றமாக இருந்ததால் கரையோரத்தில் தண்ணீர் இன்னும் உயர்ந்தது. மண் இளகிப்போனதால் இலை நிறைந்த பெரிய மரங்கள் சாதாரணக் காற்றுக்கே வேரோடு சாய்ந்து மின்கம்பிமேல் விழுந்தன.

எங்களுக்குக் கொஞ்சம் மேற்கே ராரிட்டன் ஆற்றங்கரையில் பவுண்ட் புரூக், மேன்வில் ஊர்களில் வீதியில் படகு ஓட்டினார்கள். வடக்கே பசாயிக் ஆறு புயல் போன பிறகும், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, ஏறிக்கொண்டிருந்தது. அங்கே பேட்டர்சனுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, செப்டம்பர் 4 அன்று, அதிபர் ஒபாமா வந்து பார்த்தார். கடலே இல்லாத வெர்மான்ட் மாநிலத்தில் 1927க்குப் பிறகு இப்படி வெள்ளம் வந்ததில்லையாம். மலை ஓடைகள் சாலைகளை அறுத்துக்கொண்டு போய், சில ஊர்களுக்கு ஹெலிகாப்டரில் சாப்பாடு போட்டார்கள். நூறாண்டு தாண்டிய கூரை போட்ட மரப்பாலங்கள் போயின. மேன்வில்லில் எங்களுக்குத் தெரிந்த குடும்பம் மாடியில் சோபாவை ஏற்றி வைத்துவிட்டு வெளியேறியது. திரும்பிப் போனபோது கீழ்த்தளச் சுவரில் மார்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு. அவர்களிடம் போய்ப் புஸ்ஸுன்னு போச்சு என்று சொல்லிப் பாருங்கள்.

உங்க பேஸ்மென்டுக்குள்ள தண்ணி எப்படி வந்தது? ஆறு பக்கத்திலயே இல்லையே?

ஆற்றுத் தண்ணீர் இல்லை, நிலத்தடி நீர். இங்கே வீட்டுக்கு அடியில் பேஸ்மென்ட் என்று ஒரு தளம் பள்ளத்தில் இருக்கும். அதன் மூலையில் ஒரு குழி. சுற்றி ஊறும் தண்ணீர் அதில் வந்து சேரும். குழிக்குள் சம்ப் பம்ப் என்று ஒரு மோட்டார். மிதவை உயர்ந்ததும் தானாக ஓடி, தண்ணீரை வெளியே தள்ளும். மோட்டார் ஓட கரண்ட் வேண்டும். எது தேவைப்படும் ராத்திரியோ அந்த ராத்திரிதான் கரண்ட் போகும்.

எங்களுக்கு ஞாயிறு விடிவதற்கு முன் போயிற்று. விர்ர், நிறுத்தம், விர்ர் என்று ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த மோட்டார் சத்தம் சட்டென்று நின்றது. டார்ச்சை அடித்துப் பார்த்தால் குழி விளிம்பு வரை கறுப்பாகத் தண்ணீர், அப்புறம் வழிந்தது. அவர், சின்னவன், நான் மூவரும் வாளிச் சங்கிலி போட்டு மொண்டு ஊற்றினோம். ஊற்ற ஊற்ற ஊறியது. மதியத்துக்கு மேல் மழை விட்டதும்தான் சமாளிக்க முடிந்தது. கணுக்கால் அளவோடு நின்றது. கார்ப்பெட்டைச் சுருட்டி வெளியே போட்டோம். தெரு முழுக்க எல்லா வீட்டு வாசலிலும் அதே மாதிரி ஈரச் சுருள்.

கரண்ட் இல்லாமல் எப்படிச் சமைச்சே?

காஸ் அடுப்பு, தீக்குச்சி. அதனால் காபிக்குக் குறைவில்லை. தெருவில் எலெக்ட்ரிக் அடுப்பு வைத்திருந்த வீட்டுக்காரர்கள் எல்லாம் எங்கள் டிகாஷன் வாசனைக்கு வந்து நின்றார்கள். ஃபிரிட்ஜ் இல்லாததால் மாவு புளித்துப் பொங்கிவிட்டது. மொத்தத்தையும் தோசை, ஊத்தப்பம் என்று வார்த்துத் தெருவுக்கே கொடுத்தோம். மிக்ஸி கிடையாது, மிளகாய்ப் பொடிதான். திங்கட்கிழமை அவருக்கு ஆபீசிலிருந்து மெயில்: ரயில் ஓடாததால் வீட்டிலிருந்து வேலை பார்க்கவும். அந்த மெயிலையே காரில் உட்கார்ந்து போனை சார்ஜ் போட்டுத்தான் படித்தார். புதன் இரவு கரண்ட் வந்தது, வியாழன் விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை தப்பித்தது.

இன்ஷூரன்ஸ் கொடுக்குமா?

சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் வெள்ளத்துக்குக் கொடுக்காது. அதற்கு மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும், அதிலும் பேஸ்மென்டில் இருக்கும் சாமான்களுக்குக் கிட்டத்தட்ட எதுவும் கிடையாது. சம்ப் பம்ப் நின்றுபோய் வரும் சேதத்துக்கு இன்னொரு கூடுதல் பிரிவு. அது எங்கள் பாலிசியில் இருக்கிறது. ஆள் வந்து பார்க்கத் தேதி கொடுக்கவில்லை, அதுவரை ஈரக் கார்ப்பெட்டை வாசலிலேயே வைத்திருக்கச் சொல்கிறார்கள். நாற்றம் அவர்களுக்கா வருகிறது!

சின்னவன் பள்ளிக்கூடம்? அத்தை எப்போ திரும்பறாங்க?

அவனுக்கு இந்த வாரம் திறக்கிறது, ஆறாம் வகுப்பு. அத்தை அக்டோபர் கடைசியில் கிளம்புகிறார்கள். அங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம், சரியாகப் போய்ச் சேருவார்கள்.

இந்த மாதம் நான் வரேன், ஏதாவது கொண்டுவரணுமா?

ஆமாம் சித்தி, கொலு பொம்மை. செப்டம்பர் 28இல் நவராத்திரி. பெட்டிகள் எல்லாம் பேஸ்மென்டில்தான் இருந்தன. மேலடுக்குப் பெட்டி பிழைத்தது. அடியில் இருந்த காகிதக்கூழ் பொம்மைகள் ஊறிக் குழைந்துவிட்டன. தசாவதாரத்தில் மச்சமும் கூர்மமும் நன்றாக இருக்கிறார்கள், தண்ணீரில் பழகியவர்கள்தானே. வாமனர் குடையோடு கரைந்துவிட்டார். மண் பொம்மைகளில் செட்டியார் கடை உடையவில்லை, ஆனால் சாயம் போய்விட்டது. மரப்பாச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை, வெயிலில் காய்கிறது. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஒரு வாமனர், கையளவு உயரம், செட்டியாரும் செட்டிச்சியும் ஒரு ஜோடி. புடவைகளுக்கு நடுவில் சுற்றி, கைப்பெட்டியில் வையுங்கள், செக்-இன்னில் போடாதீர்கள். டார்ச்சுக்குப் பேட்டரி வேண்டாம், கடைகளில் மறுபடி வந்துவிட்டது.